முதல் நாள் தெரிந்த பார்வை

ஆரணியில் குழித்தறியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு பட்டு நெசவாளரை நினைத்துப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால், அதைத் தேடிப் பிடித்துப் பிணைக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்தால் இழை தெரியாது. இழை தெரியாவிட்டால் தறி நிற்கும். அத்தகையவருக்குப் புரை அறுவையின் வரலாறு வெறும் கதையன்று.

கண்ணுக்குள் உள்ள லென்சு ஒளி புகாதபடி மங்கிப்போவதே புரை. முற்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற வைத்தியர்கள், மங்கிய லென்சை ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். திரை விலகியதுபோல் உடனே பார்வை தெரியும். வைத்தியர் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகு நடந்தது என்ன? பல கண்கள் சீழ்பிடித்தன. பலவற்றில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெட்டது.

இதை ஆராய்ந்தவர், 1819-இல் தோன்றிய சென்னைக் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட். கெட்டுப்போன கண்களுடன் வந்தவர்களைப் பரிசோதித்து, பதிவு செய்து, 1917-இல் லண்டனில் சொற்பொழிவாற்றினார். சிகிச்சையின் பலனைச் செய்த அன்று அளப்பதா, பின்னர் அளப்பதா? இக்கேள்விக்கு விடையாக அமைந்தது அவரது பணி.

லென்சை வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சு நாட்டு ழாக் தாவியேல் 1753-இல் வெளியிட்டிருந்தார். ஆனால் லென்சு இழந்தவர் சோடாப் புட்டிக் கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அதில் பொருள்கள் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகத் தெரியும். இழையைப் பிடிக்க நீட்டிய விரல் தடுமாறாதா? 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்சைப் பொருத்தினார். 1992-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் அதைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது.

இன்று பெரும்பாலோருக்கு நல்ல பார்வை கிடைக்கிறது. எனினும் தொல்லைகள் அறவே ஒழியவில்லை. புது லென்சைத் தாங்கும் இயற்கை உறை, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கலாம். "புரை திரும்பி வந்துவிட்டது" என்பார்கள், அது புரையன்று. 1980-களில் பரவிய யாக் லேசர், சில நிமிடங்களில் அவ்வுறையில் துளையிட்டு ஒளிக்கு வழி விடுகிறது. அதன் பின்னும் கண் அழுத்தம் சற்றே ஏறக்கூடும் என்பதால் மருத்துவர் சோதித்துப் பார்ப்பார்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் அறுவை முடிந்து திரும்பினால் இவற்றைக் கவனியுங்கள். வலி கூடுகிறதா? கண் சிவக்கிறதா? தெரிந்த பார்வை குறைகிறதா? மின்னல் வெட்டுவதுபோலவோ, திரை இறங்குவதுபோலவோ தோன்றுகிறதா? விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குறித்த நாளில் மறுபரிசோதனைக்கும் தவறாமல் போகச் செய்யுங்கள். முதல் நாள் நன்றாகத் தெரிந்ததே என்று இருந்துவிட வேண்டாம்.