ஜொகூரின் நியாயஸ்தலங்களும் ஒரு கடிதமும்

வழக்குகள் சாட்சிகளின் வாய்மொழியால் தீர்வனவென்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஜொகூரின் சரித்திரத்திலே மிகவும் பெயர்பெற்ற வியாஜ்யமோ, ஜொகூரில் நடவாமல் லண்டன் மாநகரில் நடந்து, ஒரேயொரு கடிதத்தால் முடிவடைந்தது. 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'ஆல்பர்ட் பேக்கர்' என்னும் புனைபெயரோடு சஞ்சரித்த சுல்தான் அபூபக்கர், தன்னை விவாகம் செய்துகொள்வதாக வாக்களித்துப் பின்னர் தவறிவிட்டார் என்று மைகெல் என்ற மாது தொடுத்த வழக்கு அது. அதே ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையால் அயல்நாட்டு விவகாரங்களை ஆங்கிலேயர் கையில் ஒப்புவித்துவிட்ட ஒருவர் எவ்வாறு சுதந்திர அரசராவார் என்று வாதியின் தரப்பு வினவ, குடியேற்ற நாட்டு இலாகாவிலிருந்து வந்த கடிதமோ ஜொகூர் சுதந்திர ராஜ்யமே என்று சான்று பகர்ந்தது. அதற்கு மேல் துருவி ஆராய்வது தங்கள் வேலையன்று என்றும், வேற்றுப் பெயரில் உலவியதனால் மட்டும் ஓர் அரசர் வழக்குக்கு உட்படாத தம் விலக்குரிமையை இழந்துவிடமாட்டார் என்றும் அப்பீல் நீதிபதிகள் கூறி வழக்கைத் தள்ளிவிட்டனர். 1894-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைத் தொகுதியில் அச்சேறிய அத்தீர்ப்பில் அரசரின் அந்தஸ்து நிலைநாட்டப்பட்டதேயன்றி, அம்மாதின் குறை மெய்யா பொய்யா என்பது விசாரிக்கப்படவேயில்லை.

கடிதம் பேசிய சுதந்திரத்தின் ஆயுள் அதிகமன்று. 1895 ஏப்ரலில் எழுத்திலமைந்த அரசியல் சாசனம் ஒன்றைத் தன் ராஜ்யத்துக்கு வழங்கி, ஜூன் மாதத்தில் சுல்தான் லண்டனிலேயே காலமானார். 1910-இல் ஆங்கிலேய ஆலோசகர் ஒருவர் வந்து சேர்ந்தார். 1914-இல் அவர் 'ஆலோசனை' தட்டவொண்ணாத கட்டளையாயிற்று. இதற்கிடையே, துருக்கியில் 1869 முதல் 1876 வரை வகுக்கப்பெற்ற 1851 விதிகள் கொண்ட சிவில் சட்டத் தொகுப்பை 1913-இல் மலாய் மொழியில் பெயர்த்துத் தன் நாட்டில் வழங்கச் செய்த ஜொகூரின் துணிவை வியவாதிருக்க முடியவில்லை. ஆற்றங்கரைகளிலோ, மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனக் குடியானவர்களிடையே, ஆட்சியாளரிடம் நதிச் சீட்டுப் பெற்ற 'கங்சு' என்னும் தலைவர்களின் அதிகாரம் 1917 வரையில் நீடித்தது.

இன்று மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் செஷன்ஸ் நீதிமன்றமும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நடைபெறுகின்றன. சிவில் வழக்குகளில் முன்னதன் வரம்பு பொதுவாக 1 லட்சம் வெள்ளி, பின்னதற்கு 10 லட்சம். அதற்கு மேற்பட்டவை ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் உள்ள உயர்நீதிமன்றங்களுக்குச் செல்லும். பதிவகத்தில் கட்டணம் செலுத்தினால் வழக்கு மனு, தீர்ப்பு போன்ற தஸ்தாவேஜுகளைத் தேடிப் பார்க்கலாம், நகலும் பெறலாம். ஏனையவற்றுக்கு அநுமதி வேண்டும். குழந்தைகள் சம்பந்தமான விசாரணைகள் பொதுப் பார்வைக்கு மூடியவை. பழைய காகிதங்களுக்கு 1957-இல் தோன்றிய தேசிய ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும். 1910-இல் சஞ்சிமுறை என்னும் ஒப்பந்தக் கூலிமுறை ஒழியும்வரை, ஒப்பந்தத்தை மீறி ஓடிய கூலியாளும் குற்றவாளியென்றே மலாயாவில் கருதப்பட்டானாதலால், வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத நம்மவர் சிலரின் பெயர்கள் கோர்ட்டுக் காகிதத்தில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். தேடுவோர் வழக்கு எண் அறியாவிடினும், கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையுமாவது குறித்துக்கொண்டு போவது நலம். மைகெல் அம்மையாரின் வழக்கைத் தேடுவோருக்கு மட்டும் அந்தச் சிரமமில்லை, சர்வதேசச் சட்டம் பயிலும் மாணாக்கர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவர்.