ஐந்து குத்து, ஐந்து பெயர்: சிங்யியும் சீனத்து ஐம்மூலகங்களும்

குங்ஃபூ படங்களில ஒரு காட்சி அடிக்கடி வரும். தாடி வச்ச ஆசான் ஒருத்தர் தோத்துப்போன சீடனைக் கூப்பிட்டு, "நீ நெருப்பு, அவன் நீர். அதுதான் விழுந்தாய்" எண்டு சொல்லுவார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறம். பிறகு ஆறுதலா யோசிச்சால் ஒரு கேள்வி வருது. தத்துவத்தில இருந்து குத்து பிறந்ததா, இல்லாட்டி குத்துக்குப் பிறகு தத்துவம் வந்து ஒட்டிக்கொண்டதா?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்ப்பம். ஐம்மூலகம் எண்ட உடனே எங்களுக்கு நிலம், நீர், தீ, வளி, வெளி எண்ட ஐம்பூதம்தான் ஞாபகம் வரும். சீனத்துப் பட்டியல் வேறு: மரம், தீ, மண், உலோகம், நீர். அதில காற்றும் இல்லை, ஆகாயமும் இல்லை. அவர்கள் அதை 'வுசிங்' என்கிறார்கள். 'சிங்' எண்டால் நடத்தல், போதல். உலகம் எதனால் ஆனது எண்டதைவிட, ஒன்று இன்னொன்றாக எப்படி மாறுது எண்டதுதான் அங்கே முக்கியம். மரம் தீயை வளர்க்கும், தீ சாம்பலாகி மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், உலோகத்தில் நீர் அரும்பும், நீர் மரத்தை வளர்க்கும். இது பிறப்பிக்கும் வட்டம். அடக்கும் வட்டம் வேறு: மரம் மண்ணை, மண் நீரை, நீர் தீயை, தீ உலோகத்தை, உலோகம் மரத்தை வெல்லும். கல், தாள், கத்தரிக்கோல் விளையாட்டு மாதிரித்தான்.

இந்தத் தத்துவம் முதலில் பேர்பெற்றது சண்டைக்களத்தில் இல்லை, அரசியலில். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ட்சோவ் யென் என்ற சிந்தனையாளர், ஒவ்வொரு அரச வம்சத்துக்கும் ஒரு மூலகம் உண்டு, அடுத்த வம்சம் அதை அடக்கும் மூலகத்தோடு வரும் எண்டு சொன்னார். கி.மு. 221இல் சீனாவை ஒன்றிணைத்த சின் பேரரசர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முந்தைய ஜோ வம்சம் தீ என்றால் நாங்கள் நீர். நீரின் நிறம் கறுப்பு, ஆகவே அரச நிறமும் கறுப்பு. வென்றவருக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது, தத்துவம் அதைக் கொடுத்தது.

இனிக் குத்துக்கு வருவம். வடசீனத்தின் சிங்யிச்சுவான் கலையில் அடிப்படை ஐந்து குத்துகள் உண்டு. கோடரி மாதிரி மேலிருந்து பிளப்பது 'பி', அது உலோகம். ஊற்று மாதிரிக் கீழிருந்து முறுகி எழும்புவது 'ட்சுவான்', அது நீர். நேரே நடுவில பாய்வது 'பெங்', மரம். ஒரு கையால் தலையைக் காத்து மற்றக் கையால் பீரங்கி மாதிரி இடிப்பது 'பாவ்', தீ. குறுக்கே உருண்டு வருவது 'ஹெங்', மண். வழக்கமாகப் பழகும் வரிசையும் இதுதான். உலோகம், நீர், மரம், தீ, மண் எண்டு அது அப்படியே பிறப்பிக்கும் வட்டத்தில போகும். இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியில் அடக்கும் வட்டம் வரும். பெங்கை பி அடக்கும், பியை பாவ் அடக்கும்.

பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் இரண்டு விசயம் இடிக்குது.

முதலாவது, ஹெனான் மாகாணத்து ஹுய் முஸ்லிம்கள் மத்தியில் வளர்ந்த சின்யி லியுஹெ. சிங்யியின் நெருங்கிய உறவான அந்தக் கலை பத்து விலங்குகளின் அசைவுகளை வச்சு நிக்குது. ஐம்மூலகக் குத்துகள் அதுக்கு அடித்தளம் இல்லை. ஆக, இந்தத் தத்துவம் இல்லாமலும் இதே குடும்பத்துக் கலை வளரலாம்.

இரண்டாவது, குவோ யுன்ஷென். 19ஆம் நூற்றாண்டில் சிங்யியைப் பரப்பிய லி லுவோநெங்கின் மாணவர் இவர். அரை அடி எடுத்து வச்சு அடிக்கும் ஒரே ஒரு பெங் குத்தால் எல்லாரையும் வென்றவர் எண்டு கதை சொல்லுவார்கள். பெங் மரம். தத்துவத்தின்படி ஒருத்தர் பி அடிச்சிருந்தால் போதும், அவர் விழுந்திருக்க வேணும். சிங்யிக்காரரே பெருமையாச் சொல்லும் கதை, அவர்களின்ர வட்டத்தையே உடைக்குது!

அப்ப ஏன் இந்தப் பெயர்கள்? வடக்கில் இந்தக் கலைகளைப் பழகியவர்களில் கன பேர் வணிகச் சரக்குக்குக் காவல் போனவர்கள், ஊர்க்காவல் செய்தவர்கள். படித்த சமூகம் அவர்களை மேலாகப் பார்த்ததில்லை. வைத்தியமும் சோதிடமும் அரசவையும் பேசிய மொழியில் தன் கலையைச் சொன்னால் அதுக்கு ஒரு மரியாதை வரும். 1915இல் சுன் லுதாங் எழுதிய சிங்யி நூல், குத்துகளை மூலகங்களோடு மட்டுமில்லை, நுரையீரல், கல்லீரல் எண்டு உள்ளுறுப்புகளோடும் இணைத்தது. அந்த இணைப்பு உடலை அறுத்துப் பார்த்து வந்ததில்லை. எல்லாத்தையும் ஐந்து ஐந்தாக அடுக்கும் பழைய பட்டியலில் இருந்து வந்தது. நாலு பருவத்துக்கே 'கோடையின் கடைசி' எண்டு ஐந்தாவது ஒன்றைச் சேர்த்த பட்டியல் அது!

சில வருடங்களில் காற்று மாறியது. 1923இல் லியாங் சிச்சாவ் இந்தத் தத்துவத்தை மூடநம்பிக்கையின் கோட்டை எண்டு கடுமையாகச் சாடினார். 1930இல் தாங் ஹாவ், ஷாவோலின் கலையைப் போதிதர்மரோடு இணைக்கும் கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை எண்டு எழுதினார். அவர் எதிரி இல்லை. தானே கலை பழகியவர்.

இந்த இடம் எங்களுக்குக் கொஞ்சம் சுடும். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்தபோது, குங்ஃபூ எங்கட ஆள் குடுத்தது எண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிஞ்ச தலைமுறை நாங்கள். ஆதாரம் கேட்கிறவரைத் துரோகி மாதிரிப் பார்க்கிற பழக்கமும் எங்களிட்ட உண்டு. தாங் ஹாவ் அப்பிடிக் கேட்டதால குங்ஃபூ அழிஞ்சு போகேல்லை.

ஐம்மூலகமும் அப்படித்தான். 'கோடரி', 'ஊற்று' எண்டு சொன்னால் ஒரு மாணவனின் தோள் உடனே விளங்கிக்கொள்ளும், வரிசையும் மறக்காது. அது நல்ல பாடமுறை. இயற்கையின் சட்டம் எண்டு சொல்லும்போதுதான் பிழைக்குது. பெயரை ரசிப்பம், ஆனால் அதை ஆர், எப்ப, ஏன் வச்சவை எண்டும் கேட்பம். குத்தின் பலம் பெயரில இல்லை, ஆயிரம் தரம் அதையே திருப்பிச் செய்த கையில.