சாண்டா கிளாஸ் (ஆண்டி வார்ஹோல்)

அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1981இல் உருவாக்கிய திரை அச்சுப் படம். 'மித்ஸ்' என்ற பத்துப் படத் தொகுப்பில் ஒன்று. நியூயார்க்கின் ரொனால்ட் ஃபெல்ட்மன் கலைக்கூடம் வெளியிட்டது. சூப்பர்மேன், மிக்கி மவுஸ், டிராகுலா ஆகியோருடன் கிறிஸ்துமஸ் தாத்தாவும் இதில் சரிசமமாக இடம்பிடிக்கிறார். பத்தாவது ஆள் வார்ஹோலேதான், தன் நிழலோடு; அடக்கம் அவருக்குப் பழக்கமில்லை.

வேடமிட்ட ஆளை போலராய்டு கேமராவில் எடுத்து, அப்படத்தைத் திரைத்துணிக்கு மாற்றி, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் திரை வழியே தாளில் இழுத்து அச்சிட்டனர். சிவப்புக் குல்லா, வெண்தாடி, அவற்றின் மேல் ஓடும், கையால் வரைந்த கோடுகள். தாள் 38 அங்குலச் சதுரம். தொகுப்பின் சில படங்களில் மினுக்கும் 'வைரத் தூள்' தூவப்பட்டுள்ளது.