தண்ணீரில் நின்ற மரங்கள் தாகத்தில் செத்த கதை

சிதம்பரத்துக்குத் தில்லைன்னு ஒரு பழைய பேர் இருக்கிறது தெரிஞ்சிருக்கும். தில்லைங்கிறது ஒரு மரம். கடல்தண்ணி ஏறி இறங்குற இடத்துல வளர்ற அலையாத்தி மரம். அதைக் காட்டோட பார்க்கணும்னா ஊருக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிச்சாவரம் போகணும்.

நான் போனப்போ படகு ஓட்டின அண்ணன் ஒரு வெண்கண்டல் இலையைக் கிள்ளிக் கொடுத்து, "நக்கிப் பாருங்க தம்பி"ன்னார். உப்பு கரிச்சது. அந்த உப்புலதான் இன்னைக்குக் கதையே இருக்கு.

மரத்துக்குள்ள பம்பு கிடையாது. இலையிலிருந்து தண்ணி ஆவியாகும்போது, கீழே இருக்கிற தண்ணி கயிறு மாதிரி மேலே இழுபடுது. ஆனா கடல்தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதுகிட்டேருந்து நல்ல தண்ணியைப் பிரிச்சு இழுக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 25 மடங்கு இழுவை வேணும். கார் டயர்ல நாம அடிக்கிற காத்து 2 மடங்கு சொச்சம்தான்!

1960கள்ல அமெரிக்க விஞ்ஞானி ஷோலாண்டர் இதை அளந்தார். இலைக்கொத்தை இரும்புக் கலத்துக்குள்ள வெச்சு, வெட்டின காம்பை மட்டும் வெளியே விட்டு, உள்ளே வாயு அழுத்தத்தை ஏத்தினார். காம்பு நுனியில எப்போ சாறு எட்டிப் பார்க்குதோ, அந்த அழுத்தம்தான் மரத்தோட இழுவை. அலையாத்தி மரங்கள்ல அது 30 மடங்குக்கும் மேல. வேர் பெரும்பாலான உப்பை வெளியிலேயே வடிகட்டிடும். மீறி வந்ததை வெண்கண்டல் இலை வழியா வெளியே தள்ளும். நான் நக்கினது அதைத்தான்.

இப்போ வரலாறு. பிரிட்டிஷ் காலத்துல ஆரம்பிச்சு 1970கள் வரைக்கும் பிச்சாவரத்துல காட்டைப் பகுதி பகுதியா மொட்டையடிச்சு மரம் வெட்டினாங்க. வெட்டின இடத்துல காடு திரும்ப வரல. உள்ளூர் மக்கள் விறகு வெட்டுறதாலயும் மாடு மேய்க்கிறதாலயும்தான் இப்படின்னு பழி வந்துச்சு.

1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேற காரணத்தைக் கண்டுபிடிச்சது. நிழல் போனதும் மண் காய்ஞ்சு அமுங்கி, நிலம் தொட்டி மாதிரி குழிஞ்சிருச்சு. ஓதத்துல உள்ளே வந்த தண்ணி திரும்பிப் போக முடியாம தேங்கி, வெயில்ல வத்தி, உப்பு ஏறிக்கிட்டே போச்சு. உப்பு ரெண்டு மடங்கானா தேவைப்படுற இழுவையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கன்னு எப்படிப் பிழைக்கும்?

எங்க வேலையிலயும் இது நடக்கும். யூசர் மேல தப்புன்னு டிக்கெட்டை மூடிருவோம். அப்புறம் பார்த்தா டிசைன்லயே கோளாறு இருக்கும்.

அப்புறம் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் மாதிரி கிளை பிரியுற வாய்க்கால்களை வெட்டினாங்க. ஓதத்தண்ணி வந்து போக ஆரம்பிச்சதும் உப்பு குறைஞ்சது. நட்ட வெண்கண்டல் வேர் பிடிச்சது. மரத்துக்கு யாரும் தண்ணி ஊத்தல மக்களே, தேங்கின தண்ணி வெளியே போக வழி விட்டாங்க, அவ்ளோதான்.