கட்டை விரலுக்கு 30: போடிமெட்டு ஏறும் கைகளின் கணக்கு

1) போடியில் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. செக்போஸ்ட் தாண்டினா கேரளா, ஏலத்தோட்டம். அங்கே தினமும் போய் வர்ற கைகளுக்குச் சட்டம் என்ன கணக்கு வச்சிருக்கு? வாங்க, பார்ப்போம்.

2) களை வெட்டுற அருவாள், நிழல்மரத்துக் கிளை கழிக்கிற கத்தி, ஸ்டோர்ல ஓடுற மெஷின் பெல்ட். விரல் போறதுக்கு ஒரு நொடி போதும்.

3) அந்தக் காலத்தில் விரல் போனா, முதலாளியோட கவனக்குறைவுதான் காரணம்னு தொழிலாளி கோர்ட்டில் நிரூபிக்கணும். ஜெர்மனி 1884-லும் பிரிட்டன் 1897-லும் இதை மாற்றின. இந்தியாவில் 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் அமல். வேலையால், வேலை நேரத்தில் காயமா? முதலாளி மேல தப்பு இருக்கோ இல்லையோ, இழப்பீடு உண்டு.

4) அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கு. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போச்சுன்னு சொல்லும்.
கட்டை விரல்: 30%
ஆள்காட்டி விரல்: 14%
நடுவிரல்: 12%
மோதிர விரல் அல்லது சுண்டு விரல்: 7%
ஒரு கை முழுசும்: 60%

5) 40 வயசு, மாதச் சம்பளம் 12,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. அதில் 60% அதாவது 7,200-ஐ அந்த வயசுக்கான 184.17-ஆல் பெருக்கினா 13,26,024. இது முழு ஊனத்துக்கு. கட்டை விரலுக்கு அதில் 30%, ஏறக்குறைய 3.98 லட்சம். சுண்டு விரலுக்கு சுமார் 93 ஆயிரம்.

6) ஆனா பட்டியலுக்கு வேலை தெரியாது. கணக்கு எழுதுறவருக்கும், தூரடியில் குனிந்து ஒவ்வொரு காயா கிள்ளுற அக்காவுக்கும் ஒரே சதவீதம்தானா?

7) 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. ஒடிசாவில் சினிமா தியேட்டர் வேலையில் விழுந்த தச்சருக்கு இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாச்சு. 'இது பகுதி ஊனம்தான்' என்றார் முதலாளி. ஒரு கையால் தச்சு வேலை பார்க்க முடியாது, எனவே முழு ஊனம் என்றது கோர்ட். அதாவது எந்த விரல் போச்சு என்பதோடு, அந்த ஆள் செய்த வேலை என்ன என்பதும் முக்கியம்.

8) அடுத்த தடை, மலை மேல இருக்கிற எல்லை. விபத்து கேரளாவில், வீடு போடியில். கேஸ் எங்கே போடுறது? 1995 திருத்தம் இதைத் தீர்த்தது: விபத்து நடந்த இடத்தில் மட்டுமில்ல, நீங்க குடியிருக்கிற பகுதியிலும் மனு போடலாம். கட்டுப்போட்ட கையோட மலை ஏறி அலைய வேண்டியதில்லை.

9) மருத்துவமும் சும்மா இல்லை. 1965-ல் ஜப்பானில் துண்டான கட்டை விரலை மைக்ராஸ்கோப் உதவியோட ஒட்டினாங்க. துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுத்தி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல வச்சுக் கொண்டு வாங்க. விரல் நேரடியா ஐஸ்ல படக்கூடாது.

10) டாக்டரா என் முக்கியமான வேண்டுகோள் இதுதான். கூட வர்றவர் 'வீட்ல அருவா பட்டுச்சுன்னு சொல்லிடு, செலவை நாங்க பார்த்துக்கிறோம்'னு சொல்லலாம். சொல்லாதீங்க. எந்தத் தோட்டம், என்ன வேலை, எத்தனை மணின்னு உள்ளதைச் சொல்லுங்க. ஏ.ஆர். காப்பியில் பதிவாகிற அந்த ரெண்டு வரிதான் பின்னாடி உங்க சாட்சி. மனுவுக்கு 2 வருஷம்தான் கெடு.

11) 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போயிருக்கு. விரல் பட்டியல் அதிலும் தொடருது.

உங்க தெருவில் யாராவது ஜீப் ஏறி மலைக்குப் போறவங்க இருந்தா, 8-ஐயும் 10-ஐயும் மட்டுமாவது வாசிச்சுக் காட்டுங்க.