வருமாயிருந்நு

மலையாளத்தில் முன்பு வழக்கமாக நடந்துவந்த செயலைக் குறிக்கும் வினைவடிவம். 'வரும்' என்ற முற்றுடன் 'ஆயிருந்நு' சேர்ந்து பிறந்தது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் உள்ள பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பது முக்கிய நேர்ச்சை. தந்தை ஒருநாள் உடைத்தார் என்றால் 'அச்சன் தேங்ஙா உடச்சு'. வெள்ளிதோறும் உடைப்பது வழக்கம் என்றால் 'உடய்க்குமாயிருந்நு'. தமிழில் இதற்கெனத் தனி வடிவம் இல்லை. 'அப்பா முன்பெல்லாம் வெள்ளிதோறும் உடைப்பார்' என்று எதிர்கால வினையையே சொல்கிறோம். 'முன்பெல்லாம்' என்ற சொல்தான் காலத்தைப் பின்னுக்கு இழுக்கிறது.

இவ்வடிவத்தின் வேர் தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. 'செய்யும்' என்னும் முற்று தன்மை, முன்னிலை, பலர்பால் ஆகியவற்றில் வராது என்று நன்னூல் விலக்குகிறது. 'நான் வரும்' என்பது நமக்குப் பிழை. மலையாளத்திலோ 'ஞான் வரும்', 'நீ வரும்', 'அவர் வரும்' எல்லாம் இயல்பு. வினையின் பால், இட விகுதிகள் உதிர்ந்ததே காரணம். பழைய நூலான ராமசரிதத்தில் அவ்விகுதிகள் இருந்தன. பிற்காலக் கவிதையிலும் 'வந்நான்' எட்டிப் பார்க்கிறது.

இந்த உதிர்வுக்குப் 'புருஷபேத நிராசம்' என்று பெயரிட்டவர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா (1863–1918). தமிழிலிருந்து மலையாளம் விலகிய வழிகளைத் தம் 'கேரள பாணினீய'த்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) ஆறு நயங்களாக வகுத்தார். முதலாவது 'அனுநாசிகாதிப்ரசரம்', அதாவது மெல்லினம் அடுத்த வல்லினத்தையும் தன்வயமாக்குவது. வந்து 'வந்நு' ஆனதும், இருந்து 'இருந்நு' ஆனதும் இப்படித்தான். பழவங்காடியின் பெயரே போதிய சான்று: நாம் 'அங்காடி' என்பதை அவ்வூரார் 'அங்ஙாடி' என்கிறார்கள். ஒரு மொழியின் வரலாறு ஊர்ப்பெயரில் இவ்வளவு தெளிவாகக் காதில் விழுவது அரிது.

ஸ்பானிய மொழியின் 'இம்பெர்ஃபெக்தோ' என்னும் இறந்தகால வடிவம் 'வருமாயிருந்நு'வுக்கு நெருங்கியது. பாடு எனப் பொருள்படும் 'காந்தார்' அதில் காந்தாபா, காந்தாபாஸ், காந்தாபாமோஸ் என்று இடத்துக்கேற்பத் திரியும். விதி மீறுபவை ஸேர், இர், வேர் என்னும் மூன்று வினைகளே. 'காந்தாபா' என்ற ஒரே சொல் 'முன்பெல்லாம் பாடுவார்' என்றும் 'பாடிக்கொண்டிருந்தார்' என்றும் பொருள் தரும். மலையாளம் இவற்றைப் 'பாடுமாயிருந்நு', 'பாடிக்கொண்டிருந்நு' என இரண்டாகப் பிரிக்கிறது.

இன்று பேச்சிலும் எழுத்திலும் வழங்கும் இவ்வடிவம், 'விளிச்சிருந்நெங்கில் வருமாயிருந்நு' (கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்) என நடவாததைச் சொல்லவும் பயன்படுகிறது.