எனெதாஃப்நாபஸீரி

பெயர்ச்சொல்; பாரசீகம். பொருள்: வளைந்துகொடுக்காமை.

‘எனெதாஃப்’ என்றால் வளைதல், அரபியிலிருந்து வந்தது. ‘நா’ எதிர்மறை முன்னொட்டு. ‘பஸீர்’ என்பது ‘பஸீரோஃப்தன்’ (ஏற்றுக்கொள்ளுதல்) என்ற பாரசீக வினையின் அடி. ஈற்றில் உள்ள ‘ஈ’ பண்புப்பெயர் விகுதி. ‘ரவான்ஷெனாக்தீ’ (உளவியல் சார்ந்த) என்ற அடை சேர்ந்தால் உளவியல் கலைச்சொல் ஆகிறது.

இது வெறும் பிடிவாதம் அன்று. ‘எப்படியும் தோற்றுவிடுவேன்’ என்று மனத்தில் தோன்றுவதை அப்படியே நம்பி, பதற்றத்துக்குப் பயந்து தேர்வுக்கே போகாமல் இருக்கும் பதின்வயதினரின் நிலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இதைப் பதின்வயதினரிடம் அளக்க 2008இல் ஆங்கிலத்தில் வெளியான வினாநிரலில் 17 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற இறுக்கமும் அதிகம். இத்தகைய கருவியைப் பாரசீகத்தில் நம்பிப் பயன்படுத்த மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. பெயர்த்ததை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவார்கள். வாக்கியங்கள் ஒரே பண்பைத்தான் அளக்கின்றனவா என்பதைக் காரணிப் பகுப்பாய்வும், விடைகளின் உள்ளிசைவைக் க்ரோன்பாக் ஆல்பாவும் சொல்லும்.

உறவுச் சொல்: ‘பஸீரெஷ்’ (ஏற்பு). இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் ‘ஏற்பு–உறுதிப்பாட்டுச் சிகிச்சை’யின் பாரசீகப் பெயரில் இடம்பெறுவது.